பெஞ்ச் எப்போது காலியாகும்? ஜிம் தகராறுகளைக் கையாளும் முறை

திருப்பூரில் ஒரு ஜிம் எப்போது நிரம்பும் என்பதை அதன் உரிமையாளர் முடிவு செய்வதில்லை. பனியன் கம்பெனிகளின் ஷிப்ட் முடிவு செய்கிறது. காலை எட்டரைக்குள் மெஷின் முன்னால் உட்கார வேண்டியவர் ஆறு மணிக்கே ஜிம்முக்கு வந்தாக வேண்டும். ஒரு ஷிப்ட் பார்ப்பவர் மாலை ஐந்தரைக்கு வெளியே வருகிறார். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் எட்டரை, ஒன்பதுக்கு வருகிறார். பகல் முழுவதும் ஆளில்லாமல் கிடக்கும் அதே ஹாலுக்குள் கட்டிங் மாஸ்டரும், ஓவர்லாக் டெய்லரும், செக்கிங் பார்க்கும் பெண்ணும், நிட்டிங் ஆபரேட்டரும், மெர்ச்சண்டைசரும், சில இடங்களில் கம்பெனி முதலாளியும் சில மணி நேரத்துக்குள் வந்து சேர்கிறார்கள். அங்கே இருப்பதோ இரண்டு பெஞ்ச், ஒரு ஸ்குவாட் ரேக், இருபது கிலோவில் ஒரே ஒரு ஜோடி டம்பெல். ஷிப்மெண்ட் நெருங்கும் வாரங்களில் வருகிறவர்கள் பாதித் தூக்கத்தோடும் வருகிறார்கள். இந்த நெரிசல் நேரத்தில் எழும் சண்டையைத்தான் "அவன் ஆளே சரியில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். ஜிம் தகராறுகளில் பெரும்பாலானவற்றுக்கு மனிதர்களின் குணத்தில் காரணம் தேடுவது வீண் வேலை என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். அவை முறை தவறியதால், அல்லது முறை என்ற ஒன்றே இல்லாததால் வருபவை. குணத்தை மாற்ற உங்களால் முடியாது, முறையை இன்று மாலையே மாற்றலாம்.

முதலில் பெஞ்ச் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009-ல் வெளியிட்ட எடைப்பயிற்சி அறிக்கை, பெஞ்ச் பிரஸ், ஸ்குவாட் போன்ற முக்கியப் பயிற்சிகளைக் கனமான எடையில் செய்யும்போது செட்டுகளுக்கு நடுவே இரண்டு முதல் மூன்று நிமிடம் ஓய்வு வேண்டும் என்கிறது. துணைப் பயிற்சிகளுக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும். ஒரு செட் போட நாற்பது விநாடி, ஓய்வு இரண்டரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு செட் போடுபவர் பெஞ்சைப் பிடித்திருப்பது பத்து நிமிடம். அதில் அவர் உண்மையில் எடை தூக்குவது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. மீதி ஏழு நிமிடமும் பெஞ்ச் சும்மா இருக்கிறது, அல்லது அவர் அதில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறார். மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டால் மூன்று செட்டுக்கு இரண்டு நிமிடம் ஆகும். பிளேட் மாற்றுவதற்கு இன்னும் ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும். யாருடைய ஓய்வும் குறையாது. ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் என்று போனால் அரை மணி நேரம் பிடிக்கும் வேலை, பன்னிரண்டு பதின்மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஆக, மாலை ஏழு மணிக்கு இருவர் முறைத்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் காலியாகக் கிடக்கும் ஒரு பெஞ்சுக்காகத்தான். இதைப் புரிந்துகொண்டவருக்குப் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். பீஸ் ரேட்டில் விநாடிக்கணக்கு பார்த்துத் தைக்கும் ஊரில் இந்தக் கணக்கு யாருக்கும் விளங்காமல் போகாது.

அடுத்தது கேட்கும் விதம். நம் ஆட்களில் பலர் வாய் திறந்து கேட்கக் கூச்சப்பட்டு, பக்கத்தில் போய் நின்றுகொண்டு பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பார்வையிலேயே புரிந்துகொண்டு எழுந்து போகட்டும் என்ற நினைப்பு. இது நேர்மாறாக வேலை செய்யும். பாரி ரூபாக் என்ற ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளரும் அமெரிக்காவில் ஒரு வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில் செய்த கவனிப்பு 1997-ல் வெளியானது. இடம் காலியாகட்டும் என்று ஒரு வண்டி காத்து நின்றால், கிளம்புகிறவர் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். காத்திருப்பவர் ஹாரன் அடித்தால் இன்னும் அதிகம் எடுத்துக்கொண்டார். தான் விட்டுவிட்டுப் போகப்போகும் இடத்தைக்கூட, இன்னொருவர் நெருக்கும்போது மனிதர் தன் சொத்தாக நினைக்கத் தொடங்குகிறார். பெஞ்சுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் அந்த ஹாரன்தான். அதனால் நிற்காதீர்கள், கேளுங்கள். கேட்கும்போதும் "முடிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குள் "இன்னுமா முடியலை?" என்ற குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது, "இல்லை" என்ற பதிலோடு பேச்சும் நின்றுவிடும். எண்ணைக் கேளுங்கள்: "ஏனுங்ணா, இன்னும் எத்தனை செட் இருக்குதுங்க?" எண்ணைக் கேட்டால் எண்தான் பதிலாக வரும். இரண்டு என்றால் காத்திருக்கலாம், நான்கு என்றால் "நடுவுல நானும் போட்டுக்கலாங்களா?" என்று கேட்கலாம். வயது தெரியாதவரிடம் "ப்ரோ" பரவாயில்லை. மூத்தவரிடம் "அண்ணா", "அக்கா" என்று தொடங்கி, கொங்குப் பேச்சில் இயல்பாகவே இருக்கும் அந்த "ங்க"வைச் சேர்த்துவிட்டால் கேள்வி கட்டளையாகத் தொனிக்காது. எதிரே இருப்பவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளி என்றால் "பையா, கித்னே செட் பாக்கி?" என்ற நாலு சொல் போதும். அவர்களில் பலர் உங்கள் கேள்விக்குத் தமிழிலேயே பதில் சொல்லிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எல்லாப் பயிற்சியையும் பகிர முடியாது. நூற்று நாற்பது கிலோ ஸ்குவாட் போடுபவரும் நாற்பது கிலோ போடுபவரும் ஒரே ரேக்கில் மாறி மாறி நின்றால், ஓய்வு நேரம் முழுவதும் பிளேட் கழற்றி மாட்டுவதிலேயே போகும். கம்பியின் உயரமும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. போட்டிக்குத் தயாராகிறவருக்குக் கவனம் சிதறினால் காயம்படும் வாய்ப்பும் இருக்கிறது. இதெல்லாம் சரிதான். ஆனால் இந்த வாதத்தைச் சொல்லும் பத்துப் பேரில் எத்தனை பேர் நூற்று நாற்பது கிலோ தூக்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்! எடை வித்தியாசம் பெரிதாக இருந்தால் பகிர்வதை விட்டுவிட்டு நேரத்தைப் பேசிக்கொள்ளுங்கள்: "இன்னும் எட்டு நிமிஷம், அப்புறம் உங்களுக்கு." சொன்ன நிமிடத்தில் எழுந்துவிடுவது முக்கியம், இல்லாவிட்டால் நாளை உங்கள் எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள். ஒருவரே பெஞ்சில் துண்டு, கேபிள் மெஷினில் பாட்டில், தரையில் இரண்டு ஜோடி டம்பெல் என்று மூன்று இடம் பிடித்துச் சூப்பர்செட் போடுவது மட்டும் நெரிசல் நேரத்தில் எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. அதை மதியம் இரண்டு மணிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி, ஜிம்முக்கே உரிய ஓர் ஆபத்து. பஸ்ஸிலோ ரேஷன் கடையிலோ வரிசை தவறினால் வரும் கோபத்துக்கும் இங்கே வரும் கோபத்துக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. இங்கே இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு, நெஞ்சு படபடக்க நிற்கிறார்கள். டால்ஃப் ஜில்மன் என்ற உளவியலாளர் 1972-ல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட சோதனையில், பங்கேற்பாளர்களில் சிலரைப் பயிற்சிச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். பிறகு, தம்மைச் சீண்டியவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் வாய்ப்பைத் தந்தார்கள். வெறுமனே சைக்கிள் மிதித்ததால் யாரும் மூர்க்கமாகிவிடவில்லை. ஆனால் நன்றாகச் சீண்டப்பட்டு, அதோடு சைக்கிளும் மிதித்தவர்கள் மற்றவர்களைவிடக் கடுமையான அதிர்ச்சியைக் கொடுத்தார்கள். பயிற்சியால் எழுந்த படபடப்பை, எதிராளியால் வந்த கோபம் என்று மனம் தவறாகக் கணக்கெழுதிக்கொள்கிறது. மூச்சு வாங்குவது நின்று நிதானமாகிவிட்டோம் என்று நினைத்த பிறகும் உள்ளே மிச்சமிருக்கும் படபடப்புதான் அதிகம் ஏமாற்றுகிறது என்று அவருடைய பிந்தைய ஆய்வுகள் காட்டின. பயிற்சி முடிந்த கையோடு என்றால், இது பயிற்சியின் படபடப்பு என்றாவது நமக்குத் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் போன பின் அது மறந்துவிடுகிறது. எனவே செட் முடித்த சூட்டில் மட்டுமல்ல, மூச்சு சீரான உடனேயும் வாய் திறக்காதீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு, ஹாலை ஒரு சுற்று நடந்துவிட்டு, படபடப்பு முழுக்க அடங்கிய பிறகு வந்து பேசுங்கள். எதிரே இருப்பவர் அப்போதுதான் கம்பியை ரேக்கில் வைத்திருக்கிறார் என்றால் அவருக்கும் அந்த அவகாசத்தைக் கொடுங்கள். செட்டின் நடுவே யாரையும் கூப்பிடக் கூடாது என்பது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட.

"கோபத்தை இரும்பில் காட்டு" என்று ஜிம்களில் ஒரு வேதவாக்கு உலவுகிறது. பாக்ஸிங் பேக்கைக் குத்தினால் கோபம் இறங்கிவிடும் என்பது அதன் இன்னொரு வடிவம். பிராட் புஷ்மன் 2002-ல் வெளியிட்ட சோதனை இதை நேரடியாகவே பரிசோதித்தது. கோபமூட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் தம்மைக் கோபப்படுத்தியவரை நினைத்தபடி பேக்கைக் குத்தினார்கள். இன்னொரு பகுதியினர் உடல்நலத்தை நினைத்தபடி குத்தினார்கள். மூன்றாம் பகுதியினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆளை நினைத்துக் குத்தியவர்களே கடைசியில் அதிகக் கோபத்தோடு இருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடமே மூர்க்கம் குறைவாக இருந்தது. அதே புஷ்மன் இன்னொருவருடன் சேர்ந்து 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024-ல் வெளியிட்ட மதிப்பீடும் அந்தத் திசையிலேயே போகிறது: உடலின் படபடப்பைக் கூட்டும் செயல்கள் கோபத்தைத் தணிப்பதில்லை, குறைக்கும் செயல்களே தணிக்கின்றன. உடற்பயிற்சியால் மனம் இலேசாகிறது என்பது நீண்டகால அளவில் உண்மைதான், அதை யாரும் மறுக்கவில்லை. சூப்பர்வைசரிடம் வாங்கிய திட்டோடு நேரே டெட்லிஃப்ட் போடப் போகும் மாலையைப் பற்றியே இங்கே பேச்சு. அப்படி ஒரு நாளில் முதல் பத்து நிமிடத்தை மெதுவான நடைக்கோ ஸ்ட்ரெச்சிங்குக்கோ ஒதுக்குங்கள்.

"இப்படி அடங்கிப் போனால் தலையில் ஏறி உட்காருவார்கள்" என்பதுதான் இந்த ஊரில் அடிக்கடி எழும் எதிர்ப்பு. எளிதில் தள்ளிவிடக்கூடிய எதிர்ப்பும் அல்ல. எப்போதும் ஒதுங்கிப் போகிறவரின் நேரம் உண்மையிலேயே களவு போகிறது. ஆனால் மேலே சொன்ன எதுவும் ஒதுங்கிப் போகச் சொல்லவில்லை. எத்தனை செட் என்று கேட்பது உரிமை கோருவது. எட்டு நிமிடம் என்று ஒப்புக்கொள்ள வைப்பது பேரம் பேசுவது. மிரட்டி வாங்கிய பெஞ்ச் அந்த ஒரு மாலைக்குத்தான் உங்களுடையது. நாளைக்கும் அதே ஆறரை மணிக்கு அதே ஆள் வருவார். திருப்பூரில் இன்னொரு கணக்கும் உண்டு. ஜாப் ஒர்க், செக்கிங், அயனிங், பிரிண்டிங், சாயம் என்று ஒரே துணி பல கைகள் மாறும் தொழில் இது. ஜிம்மில் நீங்கள் முறைத்தவர் அடுத்த மாதம் உங்கள் கம்பெனிக்கு கான்ட்ராக்டராகவோ, உங்கள் தம்பிக்கு ஃப்ளோர் மேனேஜராகவோ வந்து நிற்பது இங்கே அபூர்வமில்லை. டெய்லராக இருந்தவர் முதலாளி ஆவதும், முதலாளி ஒரு சீசனில் நொடித்துப்போவதும் இந்த ஊருக்குப் புதிதா என்ன?

தனிமனிதர் சாமர்த்தியம் ஓர் எல்லை வரைதான் போகும். அதற்கு மேல் எழுதி வைத்த முறை வேண்டும். இதைக் கொங்குச் சீமைக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் ஆயக்கட்டு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, திருமூர்த்தி அணையிலிருந்து மண்டலவாரியாக முறை வைத்துத் தண்ணீர் விடப்படுகிறது. தண்ணீர் போதவில்லை என்ற குறை எப்போதும் உண்டு. என்றாலும் வெட்டுக்குத்து வரைக்கும் கோபம் ஏறுவது தண்ணீர் குறைந்ததற்காக அல்ல, முறை இல்லாத நாளில் எவனோ வாய்க்காலில் குழாய் போட்டு உறிஞ்சினான் என்பதற்காக. பொதுவளங்களை மக்கள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று பல நாடுகளில் ஆராய்ந்து 1990-ல் நூல் எழுதியவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். நீண்டகாலம் தாக்குப்பிடித்த ஏற்பாடுகளில் அவர் கண்ட பொதுக்கூறுகளில் மூன்று நமக்கு நேரடியாக உதவும். விதியைப் பின்பற்றுகிறவர்களுக்கே அதை மாற்றுவதில் பங்கு இருக்க வேண்டும். மீறினால் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும். தகராறைச் செலவில்லாமல், உடனே, அங்கேயே தீர்க்க ஓர் இடம் வேண்டும். ஜிம்முக்கு இதை இறக்கினால் ஒரு பலகை போதும். காலை ஆறிலிருந்து எட்டு, மாலை ஆறிலிருந்து பத்து வரை பெஞ்சும் ரேக்கும் ஆளுக்குப் பதினைந்து நிமிடம். யார் கேட்டாலும் பகிர வேண்டும். முடித்ததும் பிளேட்டைக் கழற்றி வைக்க வேண்டும். ஹாலுக்குள் வீடியோ எடுக்கக் கூடாது. தமிழிலும் இந்தியிலும் எழுதி ரேக்குக்கு எதிரேயே மாட்ட வேண்டும், ரிசப்ஷனில் அல்ல. தகராறு வந்தால் அந்த நேரத்தில் ஹாலில் இருக்கும் பயிற்சி மாஸ்டர் சொல்வதே முடிவு. முதல் மீறலுக்கு வாய்மொழி எச்சரிக்கை, மூன்றாவதுக்கு ஒரு வாரம் நெரிசல் நேரத்தில் அனுமதி இல்லை.

"கண்டிப்புக் காட்டினால் மெம்பர் பக்கத்துத் தெரு ஜிம்முக்குப் போய்விடுவார்" என்று உரிமையாளர் தயங்குவார். போகத்தான் செய்வார், ஒருவர். அந்த ஒருவருக்காக வாய் திறக்காமல் நின்றுபோகும் நாலைந்து பேரை உரிமையாளர் பார்ப்பதில்லை, ஏனென்றால் அவர்கள் புகார் சொல்லிவிட்டுப் போவதில்லை. ஃபீஸ் கட்டுவதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். உறுப்பினர்கள் பத்துப் பேர் சேர்ந்து பலகை கேட்டால் மறுக்கும் உரிமையாளர் குறைவு. தனியாளாகப் போய்க் கேட்டால் அது இன்னொருவர் மேல் சொல்லும் புகாராகவே காதில் விழும். டம்பெல்லைத் தொப்பென்று போடுவது, வியர்வை துடைக்காதது, ஸ்பீக்கரில் போன் பேசுவது, கேட்காமலே ஃபார்ம் சொல்லிக்கொடுப்பது போன்ற சில்லறைத் தொல்லைகளுக்கும் இதே வழிதான். பலகையில் ஒரு வரி, மாஸ்டரிடம் ஒரு சொல். நீங்களே நேரில் போய்ப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வீடியோ கூடாது என்ற விதி கெடுபிடியாகத் தோன்றலாம். 2023 ஜனவரியில் திருப்பூரில் உள்ளூர் இளைஞர்களுக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் நடந்த ஒரு மோதலின் வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. டீக்கடையில் புகைபிடித்ததை ஒட்டி எழுந்த சில்லறைத் தகராறு அது என்று காவல்துறை விளக்குவதற்குள், தமிழர்-வடவர் போர் என்றே பலர் முடிவுகட்டியிருந்தார்கள். அந்த மார்ச் மாதத்தில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. டி.ஜி.பி. சைலேந்திர பாபு மறுப்பு வெளியிட்டார்; பீகார் அரசின் அதிகாரிகள் குழு இங்கே நேரில் வந்து பார்த்தது; தொழிலாளர்கள் பயந்து ஊர் திரும்பிவிடுவார்களோ என்று ஏற்றுமதியாளர்கள் கலங்கினார்கள். ஒரு டம்பெல்லுக்காக எழும் வாக்குவாதத்தில் யாராவது செல்போனைத் தூக்கினால் அதை முதலில் கீழே இறக்கச் சொல்லுங்கள். "ஹிந்திக்காரன்", "எந்த ஊர்க்காரன்டா நீ" போன்ற சொற்கள் விழுந்தால் பேச்சு டம்பெல்லை விட்டு நகர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது வாதத்தைத் தொடர வேண்டாம், மாஸ்டரைக் கூப்பிடுங்கள். சாதியைக் கிளறும் கேள்விக்கும் இதுவே பொருந்தும். பட்டியல் சமூகத்தவரைச் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். அங்கே சமரசம் பேச மாஸ்டருக்கும் அதிகாரம் இல்லை.

இதுவரை சொன்ன முறை, பகிர்வு, பேரம் எதுவும் செல்லாத இடம் ஒன்று உண்டு. பெண்களைத் தொடர்ந்து உற்றுப் பார்ப்பது, பின்னாலேயே மெஷின் மாற்றி வருவது, சொல்லிக்கொடுக்கிறேன் என்று மாஸ்டரே வேண்டாத இடத்தில் தொடுவது ஆகியவற்றைத் தகராறு என்று அழைப்பதே தவறு. அங்கே இருவருக்கும் சம உரிமை உள்ள ஒரு பொருளுக்குப் போட்டி நடக்கவில்லை. "நீங்க ஏன் லேடீஸ் டைமுக்கு வரக்கூடாது?" என்பது பல ஜிம்கள் தரும் பதில். அந்த நேரத்தை முற்பகல் பதினோரு மணிக்கு வைத்தால், எட்டரை முதல் ஐந்தரை வரை கம்பெனியில் இருக்கும் பெண்ணுக்கு அதனால் என்ன பயன்? மாலை ஆறு மணி ஹாலையே எல்லோருக்கும் ஏற்றதாக வைத்திருக்க வேண்டியது உரிமையாளரின் கடமை. உடை மாற்றும் அறையில் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ம் பிரிவில் வரும், பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது 78-ம் பிரிவில். 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, புகார் தரும் பெண் அங்கே வேலை செய்பவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடமென்றால் புகாரோடு மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. நடந்த தேதி, நேரம், அப்போது ஹாலில் இருந்தவர்கள் யார் என்பதை அன்றிரவே எழுதி வையுங்கள். சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அனுப்பிவிடுங்கள். பல கருவிகளில் பழைய பதிவு சில நாட்களிலேயே தானாக அழிந்துவிடும்.

சாதாரணத் தகராறு முற்றிவிட்டால், மறுநாள் என்ன செய்வது என்பதுதான் பலரைக் குழப்புகிறது. ஒரு வாரம் ஜிம் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, பிறகு நேரத்தை மாற்றிக்கொள்வார்கள். ஷிப்ட் வேலையில் மாற்றிக்கொள்ள வேறு நேரம் அமைவதும் கடினம். மறுநாளே வழக்கமான நேரத்துக்குப் போங்கள். அவர் செட்டை முடித்து மூச்சு நிதானித்த பிறகு, மற்றவர்கள் காதில் விழாத தூரத்தில், நேற்றைய நியாயத்தை மறுபடி கிளறாமல் இன்றைய காரியத்தை மட்டும் பேசுங்கள்: "நான் ஏழு மணிக்கு பெஞ்ச் போடுறனுங்க, நீங்க எப்பங்க?" பதில் வந்தால் முறை அமைந்துவிட்டது. வராவிட்டால் இரண்டு வாரத்துக்கு உங்கள் பயிற்சி வரிசையைத் திருப்பிப் போட்டு, அவர் பெஞ்சில் இருக்கும்போது நீங்கள் முதுகுப் பயிற்சியில் இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது என்பதை மாஸ்டர் காதில் போட்டு வையுங்கள்.